வெல்டிங்கை ஒட்டி ஒரு விரற்கடை

"வெல்டிங் உடையலையே அண்ணி! பக்கத்துலதானே உடைஞ்சிருக்கு!" என்று கொழுந்தன் பட்டறையே அதிரக் கூவினான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் உலோகப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். உடைந்த துண்டைக் கையில் கொடுத்தால் கொண்டாடுகிற மனுஷனை என்னவென்று சொல்வது? காலமெல்லாம் இரும்பையே பற்றவைத்தவன் அவன். சோதனைத் துண்டை இழுக்கும்போது பற்றவைத்த இடம் தாங்கி, பக்கத்துத் தகடு பிய்ந்தால் இரும்புக்காரர்கள் கைதட்டுவார்கள். இப்போது அவன் தொட்டிருப்பது மக்னீசியக் கலவை. அதற்கு அந்தக் கைதட்டல் செல்லாது.

அவன் செய்திருந்தது பந்தயச் சக்கர நாற்காலி. நாளைக்கு அதில் உட்கார்ந்து ஓட்டப்போகிறவள் அவன் தங்கை, என் நாத்தனார். கால் நடக்காது, கை இருக்கிறதே, அடேயப்பா! சரிவில் இறங்கும்போது சைக்கிள்காரனையே முந்துவாள். என் கையெழுத்து இல்லாமல் புது வண்டியைப் பந்தயத்தில் விடமாட்டார்கள்.

"எங்க உடைஞ்சுதுன்னு மட்டும் பாக்காத தம்பி, எவ்வளவு பாரத்துல உடைஞ்சுதுன்னு பாரு. வெறும் குழாய் தாங்குறதுல பாதிதான் தாங்கியிருக்கு."

மைக்ராஸ்கோப்பில் எடுத்த இரண்டு படங்களை மேசையில் போட்டேன். சூடு படாத குழாயில் உலோக மணிகள் பொடிப்பொடியாக நெருக்கி அடைந்திருந்தன. வெல்டிங்கை ஒட்டி ஒரு விரற்கடை அகலத்துக்கு அதே மணிகள் ஊதிப் பெருத்துக் கிடந்தன. நைஸ் உப்பும் கல் உப்பும்தான்.

"சூட்டுல நிக்க நிக்க மணி பெருக்கும். பெருத்தா பலம் போச்சு. இதுல நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

"அண்ணி, இது சாம்பிள். இதுக்கு ஒரே தடவை, ஒரே ஓட்டுதான் வெல்டிங் ஓட்டினேன். வண்டி அப்படியில்ல. தங்கச்சி வண்டியாச்சேன்னு ஒவ்வொரு மூட்டுக்கும் மூணு ஓட்டு! தடவிப் பாருங்க, எப்படி மொழுமொழுன்னு இருக்குன்னு."

ஒரே சூட்டுக்கே பலம் பாதியாகியிருந்தது. பாசத்தில் மறுபடி மறுபடி சுட்டிருக்கிறான் பாவி.

வாசலோரம் தன் பழைய நாற்காலியில் இருந்த நாத்தனார் வெடித்தாள். "உங்களுக்குப் பொறாமை அண்ணி! நான் ஜெயிச்சுட்டா உங்களுக்கு என்ன கொறைஞ்சுடும்? நாலு வருஷமா நாயா அலைஞ்சிருக்கேன். கையெழுத்துப் போடலேன்னா இனிமே என் மூஞ்சியிலயே முழிக்காதீங்க!"

"முழிக்கலடி. நீ முழுசா இருந்தா எனக்கு அதுவே போதும்."

இவளைத் தூக்கி வளர்த்த கை இது. பொறாமையாம்! கோபத்தில் வண்டியைத் தரதரவென்று இழுத்து, முன் குழாயை இரண்டு மரக்கட்டைகள்மேல் பாலம்போலக் கிடத்தினேன்.

"தம்பி, உனக்குத்தான் அவ்வளவு நம்பிக்கையாச்சே. மூட்டுக்குப் பக்கத்துல ஏறிக் குதி. அவ சரிவுல இறங்கி ஒரு குழியில விட்டா என்ன அடி விழுமோ, அந்த அடி விழட்டும்."

"குதிக்கிறேன். இதென்ன பெரிய விஷயம்!"

செருப்பைக் கழற்றினான். வலது காலைத் தூக்கினான். அவன் கண் மேசைமேல் கிடந்த படத்துக்குப் போனது. மறுபடி மூட்டுக்கு வந்தது. தூக்கிய கால் குழாய்மேல் இறங்கவில்லை. பக்கத்தில் தரையில் இறங்கியது. மறுபடி தூக்கினான். மறுபடியும் தரைதான்.

நாத்தனார் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்ணா குதிக்கல?"

அவன் கழற்றிய செருப்பைத் தேடிக் காலில் மாட்டினான்.

"நீ குதிக்கப் பயப்படுற வண்டியிலயா என்னை உட்கார வைக்கப் பாத்த?"

அவன் அப்படியே தரையில் குந்தி முகத்தைப் பொத்திக்கொண்டான். அவளும் அழுதாள். நான் யாரையும் தேற்றப் போகவில்லை. நாளைய பந்தயம் போனது போனதுதான். அதற்கு என்னிடம் ஆறுதல் இல்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள்தான் முதலில் பேசினாள். "அறுத்துப் போடுண்ணா. புதுக் குழாய் எடு. ஒரே ஓட்டுல, சூடு கொறைச்சு, சட்டுனு முடி. அழகா இல்லேன்னாலும் பரவாயில்ல." பிறகு என் பக்கம் திரும்பினாள். கோபம் அப்படியே இருந்தது. "அதுவும் உங்ககிட்டதானே டெஸ்டுக்கு வரும்?"

"வரும்."

"அதுவும் உடைஞ்சா?"

"அப்பவும் போடமாட்டேன்டி."

"போடாதீங்க," என்றாள். "நானே கெஞ்சினாலும் போடாதீங்க."