லூர்துமேரி பக்கம் ஆழம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. மாரண்டஹள்ளியில் ஒரு மரப்பட்டறைக்கு என் வீட்டுப் பெயர்ப்பலகை செய்யச் சொல்லப் போனேன். என் பேர் குண்டு குண்டாக இருக்க வேண்டும் என்று கேட்கத்தான் போனேன். திரும்பி வரும்போது கையில் பலகை இல்லை, கதை இருந்தது. அதைக் கதவில் மாட்ட முடியுமா என்று என் மனைவி கேட்டாள்.

தொடக்கம் முதலில் இப்படி இருந்தது: [மரத்தூள் பொன்மழையாய்ப் பொழிந்த அந்த...] சே! பொன்மழையாம். மூக்கில் ஏறித் தும்மல்தான் வந்தது. நீங்களும் சிரிக்கட்டும் என்று அழிக்காமல் விட்டிருக்கிறேன்.

2

பட்டறை சவுரியப்பன், லூர்துமேரி தம்பதியுடையது. மரம் இழைப்பது அவன், கம்ப்யூட்டர் சொன்னபடி மரத்தில் எழுத்து செதுக்கும் சிஎன்சி மிஷினை ஓட்டுவது அவள். நான் போனது ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் அவர்கள் கட்டிய புது வீட்டைப் பாதர் வந்து ஜெபம் சொல்லி மந்திரிக்கப் போகிறார். அதற்குள் வாசலில் மாட்ட, ஒரே பலகையில் இருவர் பெயரும்.

"பொம்பளை பேரு எதுக்குடா வாசல்ல?" என்று சவுரியப்பனின் அக்கா ஏற்கனவே கேட்டாயிற்று. "ரெண்டும் ஒரே அளவுலதான்க்கா இருக்கும்" என்று இவன் வாக்குக் கொடுத்துவிட்டான். தன் பேர் ஒரு நூல் பெரிதாகத் தெரிந்தாலும், தம்பியை ஆட்டி வைக்கிறாள் என்று அக்கா ஊரெல்லாம் சொல்லிவிடுவார் என்பது மேரியின் பயம். கதையே இதுதான், வேறெங்கும் தேடாதீர்கள்.

3

(இங்கே கொஞ்சம் கட்டுரை. பொறுத்துக்கொள்ளுங்கள்.) எழுத்து செதுக்க, கீழே கூராகவும் மேலே அகலமாகவும் இருக்கும் முனையைப் போடுகிறார்கள். ஆழமாக இறங்கினால் கோடு தடிக்கும், மேலோட்டமாகப் போனால் மெலியும். அதனால் மரம் எந்த உயரத்தில் இருக்கிறது என்று மிஷினுக்குச் சரியாகச் சொல்ல வேண்டும். மேரி அதற்கு ஒரு பஸ் டிக்கெட் வைத்திருக்கிறாள். மரத்தின் மேல் டிக்கெட்டை வைத்து ஆட்டிக்கொண்டே முனையை இறக்குவாள். டிக்கெட் மாட்டிக்கொண்டால் அதுதான் பூஜ்யம், அங்கிருந்துதான் மிஷின் ஆழத்தை அளக்கும். பலகை சமமாக இருக்கிறதா என்று நான்கு மூலையிலும் பார்ப்பாள்.*

* அன்று தன் பேர் வரும் மூலையில் மட்டும்தான் பார்த்தாள். அடுத்த மூலைக்குப் போவதற்குள் சவுரியப்பன் பாதர் மாதிரி கையை உயர்த்தி மிஷினை மந்திரித்தான். விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்த வாக்கிலேயே பட்டனையும் அழுத்திவிட்டாள்.

4

பலகை வளைந்திருந்தது. அவன் பேர்ப் பக்கம் தாழ்வு. லூர்துமேரி ஆழமாக, ஜம்மென்று விழுந்தது. சவுரியப்பன் பூனை பிறாண்டியது போல இருந்தது.

அப்போதும் ஒன்றும் குடி முழுகிப்போகவில்லை. பலகை மிஷினின் பிடியில் இருக்கும்வரை அவன் பேரை மட்டும் இன்னொரு முறை ஆழமாக ஓட்டலாம். மேரி அதற்காகக் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். அதற்குள் நம்மாள் பிடியைக் கழற்றி, பலகையை வெயிலுக்குத் தூக்கிப் போய்விட்டான்.

"ஏங்க! கழட்டிட்டீங்களா?"

"ஸ்டேட்டஸ் வெக்கலாம்னு போட்டோ எடுத்தேன் மேரி. உம் பேரு எப்படி இருக்குது பாரு!"

"உங்க பேரைப் பாத்தீங்களா மொதல்ல?"

பார்த்தான். "அட, ஆமா."

கழற்றிய பலகையைத் திரும்ப மாட்டினால் முனை பழைய கோட்டிலேயே உட்காராது, எழுத்து இரட்டையாகத் தெரியும். திருப்பிப் போட்டுச் செதுக்கலாமென்றால் மெல்லிய பலகை, பொத்துக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை மரக்கடையும் கிடையாது. மேரி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"உங்கக்கா மூஞ்சில நான் எப்படிங்க முழிப்பேன்?" என்றாள். அழுதுவிட்டாள்.

5

இவனை ரொம்ப நல்லவனாக எழுதுகிறேனோ என்று எனக்கே சந்தேகம். கொஞ்சம் கோபப்படட்டும் என்று எழுதிப் பார்த்தேன்: ["உன்னாலதான் எம் பேரு..." என்று அவன்] ம்ஹூம். அவன் வாயில் அது நிற்கவில்லை. அவசரக் குடுக்கை என்ற ஒரு குறை அவனுக்குப் போதும். அவன் சொன்னது இது:

"அழுவாத மேரி. பட்டறை போர்டுல, கரண்ட் பில்லுல, எல்லாத்துலயும் எம் பேருதான் தடியா நிக்குது. நம்ம வூட்டு வாசல்லயாவது உன்னுது நிக்கட்டுமே."

"ஒரே அளவுன்னு வாக்கு குடுத்தீங்களே?"

"எழுத்து ஒசரம் ஒரே அளவுதான். டேப்பு வெச்சு அளந்து பாக்கச் சொல்லு."

எனக்கு இந்த ஆளை ரொம்பப் பிடித்துப்போயிற்று.

6

முடிவு ஒன்று: உளியால் அவன் பேரை ஆழப்படுத்துகிறார்கள். (உளி பிடிக்கத் தெரிந்தவன் அவன்தான். மாட்டேன் என்கிறான்.)

முடிவு இரண்டு: பலகையை மாட்டவேயில்லை, மேரி அதை மூட்டைக்குள்... (எழுத எனக்கு மனசு வரவில்லை.)

முடிவு மூன்று: சாயங்காலம். பலகை வாசலில். பாதரும் சொந்தக்காரர்களும் நிற்க, அக்கா அண்ணாந்து சத்தமாகப் படிக்கிறார்.

"லூர்து... மேரி."

அவ்வளவுதான் தெரிகிறது அவருக்கு. "எந் தம்பி பேரு எங்க?"

மேரி கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். சவுரியப்பன் போய் அவள் பக்கத்தில் ஒட்டி நிற்கிறான்.

"இங்கதான்க்கா நிக்கறேன்."

அக்கா பையிலிருந்து கண்ணாடியை எடுக்கிறார். போடுவாரா, திரும்பப் பைக்குள்ளேயே வைப்பாரா? இரண்டையும் எழுத எனக்குத் தெரியும். ஆனால் மேரி என்னையே பார்க்கிறாள், கை ஓடவில்லை. இந்தாருங்கள் பேனா, நீங்கள் எழுதுங்கள்.