கெபித் தொட்டியும் கழுவப்படவேண்டும்

விடிந்ததும் எழும்புகிறேன். கேத்தலை அடுப்பில் வைக்கிறேன். பல் தீட்டுகிறேன். சட்டையை அயன் பண்ணுகிறேன். தேத்தண்ணீரை நின்றபடியே குடிக்கிறேன். பாண் ஓட்டோவின் சத்தம் கேட்டால் கீழே இறங்கிச் சீனி பணிஸ் வாங்குகிறேன். ஒன்றை அங்கேயே தின்கிறேன், மற்றதை மத்தியானத்துக்கு வைக்கிறேன். கதவைப் பூட்டி, இழுத்துப் பார்த்துவிட்டு, ஒருகொடவத்தைக்குப் பஸ் ஏறுகிறேன். அங்கே கொன்டெய்னர் யாட் ஒன்றின் அலுவலகத்தில் எனக்கு வேலை.

என் மனைவி டில்ஷானி போன ஜூனில் டெங்குக் காய்ச்சலில் இறந்தாள்.

நாங்கள் இருந்தது கொட்டாஞ்சேனையில் ஒரு தொடர்மாடியில். நான் இன்னும் அங்கேதான் இருக்கிறேன். மழைக்கு முன், நத்தார்ப் பண்டிகைக்கு முன், தண்ணீர் வெட்டுக்கு முன் என்று குடியிருப்போர் சங்கம் வாசலில் அறிவித்தல் ஒட்டும். தமிழில் அதை டில்ஷானிதான் எழுதினாள். அவள் எழுதினால் ஆட்கள் நின்று வாசிப்பார்கள். ‘மேலிருந்து மீன் கழுவிய தண்ணீரை ஊற்றுபவர், கீழே மனிதர் நடமாடுகிறார்களா என்பதைத் தயவுசெய்து எட்டிப் பார்த்து உறுதிசெய்துகொள்ளவும்’ என்று ஒருமுறை எழுதியிருந்தாள். எல்லோருக்கும் ஆளைத் தெரியும். அந்த ஆளும் நின்று வாசித்தார்.

இந்த மே மாதம் சங்கத் தலைவர் ஸ்ரனிஸ்லாஸ் அங்கிள் என்னை எழுதச் சொன்னார்.

“நீர் படிச்ச பிள்ளை. நாலு வரிதானே.”

எழுதினேன்.

‘அந்தோனியார் திருநாளன்று கொச்சிக்கடைப் பக்கம் வீதி மூடப்படும். வேலைக்குப் போகிறவர்கள் சுற்றிப் போக வேண்டியிருக்கும். ஹஜ்ஜுப் பெருநாள் இறைச்சிக் கழிவை மொட்டைமாடியில் வைக்கவேண்டாம். காகம் அதை அடுத்த வீட்டு உடுப்புக் கொடியில் கொண்டுபோய்ப் போடுகிறது. மழைக்கு முன் தண்ணீர்ப் பீலிகளில் சேர்ந்த குப்பையை வாரவும். பூச்சாடித் தட்டு, ஃபிரிட்ஜின் பின்தட்டு, பால்கனியில் கிடக்கும் டயர் ஆகியவற்றில் தேங்கும் தண்ணீரைக் கிழமைக்கு ஒருமுறை ஊற்றிவிடவும். கெபித் தொட்டியும் கழுவப்படவேண்டும்.’

கடைசி வரி என்னுடையதல்ல. போன வருடம் டில்ஷானி எழுதியது. சங்கம் அதை வெட்டிவிட்டுத்தான் ஒட்டியது.

கெபி எங்கள் வாசலில் இருக்கிறது. சீமெந்துப் பாறைக்குள் லூர்து மாதா நிற்கிறார், காலடியில் ஒரு தொட்டி. கட்டிய காலத்தில் யாரோ லூர்திலிருந்து கொண்டுவந்த ஒரு போத்தல் தண்ணீரை அதில் ஊற்றியிருக்கிறார்கள். அந்தத் தண்ணீர் இன்னும் உள்ளே இருக்கிறது என்பது இங்குள்ளவர்களின் எண்ணம். ஆகவே வற்றினால் நிரப்புவார்கள், காலி செய்யமாட்டார்கள். பரீட்சைக்குப் போகும் பிள்ளைகள் அதில் விரலைத் தோய்த்து நெற்றியில் சிலுவை போடுவார்கள். மழைக்காலத்தில் அதற்குள் நுளம்புக் குடம்பிகள் புழுப் புழுவாக நெளியும். அதையும் எல்லோரும் பார்ப்பார்கள்.

எந்த நுளம்பு எந்தத் தண்ணீரில் பிறந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. என்னாலும் முடியாது. ஆனால் அந்த வரி இருக்கவேண்டும். மழை தொடங்குமுன் அந்தத் தொட்டி காலியாகவேண்டும். வேறு எதுவும் எனக்குத் தேவைப்படவில்லை.

ஞாயிறு பூசை முடிந்து அங்கிள் வீட்டில் கூடினோம். அங்கிள், கெபிக்குப் பூ வைத்து மெழுகுதிரி ஏற்றுகிற அவருடைய மனைவி மேபல் அன்ரி, புறக்கோட்டையில் கடை வைத்திருக்கும் பொருளாளர் ரிம்ஸான், நான்.

“எல்லாம் வடிவா இருக்கு,” என்றார் அங்கிள். “கடைசி வரியை மட்டும் எடும்.”

“ஏன் அங்கிள்?”

“அது கோயில் விசயம். சங்கத்துக்குள்ள வராது.”

“தண்ணி பில்லைச் சங்கம்தானே கட்டுது.”

“போன முறை குடம்பியைத் தின்னக் குப்பி மீன் விட்டனாங்கள்.”

“காகம் தின்டுட்டுது.”

“எல்லாத்தையுமோ?”

“மாதா பாத்துக்கொண்டு நிக்கத்தான் தின்டது.”

ரிம்ஸான் இருமினான். அங்கிள் அவன் பக்கம் திரும்பினார்.

“நீர் என்ன சொல்லுறீர்?”

“எனக்கு இதில வாய் தொறக்க ஏலா அங்கிள். தொறந்தா அது வேற பிரச்சினையாப் போயிரும். இறைச்சி வரிக்கு நான் கையைத் தூக்கிட்டேன், அதோட என்னை விடுங்க.”

மேபல் அன்ரி குறுக்கிட்டார்.

“றெஜி, டில்ஷானி எப்பிடிப் போனவ எண்டு எனக்குத் தெரியும். மாதாவே, மாதாவே எண்டு சொல்லிக்கொண்டுதான் போனவ. அப்பிடிப்பட்ட பிள்ளையைக் கட்டின நீர், மாதாவின்ர தண்ணியில கை வைக்கிறீர்.”

இதை அவர் ஏறக்குறைய ஒரு வருடமாகச் சொல்லிவருகிறார். முப்பத்தோராம் நாள் பூசையில் பாதரும் பிரசங்கத்தில் சொன்னார். முன்வரிசையில் இருந்து கேட்டேன். அன்ரி நாள்தோறும் பஸ் ஏறி ஆசுபத்திரிக்கு வந்தவர். அதனால் பேசாமல் இருந்தேன்.

“ஒட்டுறதெண்டா அந்த வரியோட ஒட்டுங்கோ,” என்றேன். “இல்லாட்டி என்ர கடுதாசியைத் தாங்கோ.”

“யோசிப்பம்,” என்றார் அங்கிள்.

திங்கள் காலை வேலைக்கு இறங்கியபோது அறிவித்தல் ஒட்டியிருந்தது. புதிதாக அச்சடித்திருந்தார்கள். என் வாக்கியங்கள் எல்லாம் இருந்தன. காகம்கூட இருந்தது. கடைசி வரி இல்லை. துறைமுகப் பக்கம் வானம் கறுத்திருந்தது.

பேனையை எடுத்து அந்த வரியை அடியில் எழுதினேன், தடித்த எழுத்தில். மேலே போய்ச் சட்டையை மாற்றினேன். இன்று வரமாட்டேன் என்று யாட்டுக்கு மெசேஜ் போட்டேன். வாளியையும் தும்புத்தடியையும் எடுத்துக்கொண்டு கெபிக்குப் போனேன்.

முதல் வாளியை வாசல் கானுக்குள் ஊற்றினேன். இரண்டாவதை ஊற்றும்போது ஆட்கள் கூடிவிட்டார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள், அவர்களைக் கூட்டிப்போகும் தாய்மார், பாண் ஓட்டோக்காரன்.

“பாதருக்குப் போன் பண்ணுங்கோ,” என்றது ஒரு குரல்.

“பண்ணுங்கோ,” என்றேன். “வரேக்க ஒரு வாளியும் கொண்டுவரச் சொல்லுங்கோ.”

யாரோ சிரித்தார்கள். யாரோ அவரை அதட்டினார்கள். அங்கிள் சாரத்தோடு, கையில் குடையோடு வந்தார்.

“ஆரைக் கேட்டு இதைச் செய்யிறீர்?”

“அறிவித்தலில போட்டிருக்கு.”

“நான் அதை எடுத்தனான்.”

“நான் திரும்பப் போட்டனான்.”

“நாளைக்கு நான் அதைக் கிழிச்சா?”

“நாளையிண்டைக்கு எழுதுவன். பேனை மலிவு, அங்கிள்.”

அவர் குடையை நிலத்தில் ஊன்றிக்கொண்டு நின்றார். என் கையைப் பிடிக்கவில்லை.

மேபல் அன்ரி வெறும் போத்தலோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

“பழைய தண்ணியில கொஞ்சம் தாரும். இதுக்குள்ள தாரும்.”

போத்தலைத் தொட்டிக்குள் அமிழ்த்தி நிரப்பிக் கொடுத்தேன். அவர் அதை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். குடம்பிகள் வளைந்து வளைந்து மேலே வந்தன, கீழே போயின. பிள்ளைகள் கிட்ட வந்து பார்த்தார்கள்.

“மூடியை இறுக்கிப் பூட்டுங்கோ அன்ரி,” என்றேன்.

அவர் மூடியைப் பூட்டினார். கெபிப் படியில் உட்கார்ந்தார்.

அடியில் பச்சைப் பாசி, சில்லறைக் காசு, மெழுகு, குழைந்த பூ. எல்லாவற்றையும் வழித்தேன். சுவரை உரசினேன். ரிம்ஸான் தன் வீட்டுத் தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு வந்து நீட்டினான்.

“வாய் தொறக்க ஏலாதெண்டாய்,” என்றேன்.

“நான் வாயா தொறந்தேன்? பைப்பத்தானே தொறந்தேன்.”

கழுவி முடித்தபோது மழை தூறத் தொடங்கியது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்கள். தொட்டியில் சீமெந்தின் நிறம் தெரிந்தது. புதுத் தண்ணீர் அதில் ஏறிக்கொண்டிருந்தது.

“கிழமைக்கு ஒருக்கா இதை ஆர் செய்யிறது?” என்று கேட்டார் அங்கிள்.

“நான்.”

அவர் குடையை விரித்துக்கொண்டு உள்ளே போனார். அறிவித்தலைக் கடந்துதான் போனார். அதைத் தொடவில்லை.

மேபல் அன்ரி படியிலேயே இருந்தார். போத்தல் மடியில் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அதைத் திறந்து கானுக்குள் ஊற்றினார். வெறும் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்காமல் கேட்டார்.

“அவ மாதாவைத்தானே றெஜி கூப்பிட்டவ?”

“இல்லை அன்ரி. மாதாவைக் கூப்பிட்டது நீங்கள்.”

“எனக்குக் கேட்டது.”

“உங்கட குரல்தான் உங்களுக்குக் கேட்டது. நீங்கள் கட்டில் காலடியில கண்ணை மூடிக்கொண்டு செபமாலை சொல்லிக்கொண்டிருந்தீங்கள், வார்டு முழுக்கக் கேக்க. அவ கையைக் காட்டி என்னைக் கிட்டக் கூப்பிட்டவ. பிறகு ஐசியுவுக்குக் கொண்டுபோனவை. அதுக்குப் பிறகு அவ கதைக்கேல்லை.”

மழை பலத்தது. அன்ரி எழும்பவில்லை.

“என்ன சொன்னவ?”

வேண்டாம் என்றால் சொல்லாமல் விட்டிருப்பேன். அவர் இரண்டாம் முறையும் கேட்டார். டில்ஷானி சொன்னபடியே சொன்னேன்.

“றெஜி, அன்ரியைக் கொஞ்சம் வெளியில கூட்டிக்கொண்டு போங்கோ. இந்தச் சத்தத்தில எனக்கு நித்திரை வருதில்லை.”