துரை கை வைத்த திருகு

கிழட்டு ரப்பர் மரங்களை வெட்டி இறக்கும் மெஷின் வாளுக்குச் செயின் தீட்டத் தோட்டத்துக்கு ஒரு சின்ன யந்திரம் தேவைப்பட்டது. அதைத் தெரிவு செய்ய ஒரு குழு அமைத்தார்கள். தோட்டத்தை நடத்தும் துரை இருந்தார், ஒஃபிசைப் பார்க்கும் பெரிய கிளாக்கர் இருந்தார், தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர் இருந்தார். வாள் பிடிக்கிற சுரேந்திரன் மட்டும் மலையில் மரம் வெட்டிக்கொண்டிருந்தான். யாராவது வேலையும் பார்க்க வேண்டுமல்லவா?

தெஹியோவிட்டையில் இரும்புக் கடை வைத்திருக்கும் நிலாம் ஒரு குட்டி யந்திரத்தை எடுத்து மேசையில் வைத்தார். "செயினுக்கு மட்டும்னா இது போதும் சேர். கையிலேயே தூக்கிட்டுப் போகலாம்."

அந்த யந்திரம் செய்த பிழை அதுதான். கையில் தூக்கிப் போகிற ஒன்றுக்கு எப்படித் திறப்பு விழா வைப்பது?

பக்கத்தில் நெஞ்சளவு உயரத்துக்கு ஒரு பச்சை யந்திரம் நின்றது. செயினும் தீட்டும், ட்ரில் பிட்டும் தீட்டும். தோட்டத்தில் இருந்த ஒரே ட்ரில் எப்போதோ செத்துப்போயிருந்தது.

"நம்ம தோட்டம் வளர்ற தோட்டம்" என்றார் பெரிய கிளாக்கர். குழு தலையாட்டியது. பச்சை யந்திரம் லொறி ஏறியது.

ஃபெக்டரி ஃபிட்டர் கிருஷ்ணகுமாரிடம் அதை ஒப்படைத்தார்கள்; பெயர் தைத்த நீலச் சட்டை ஒன்றும் கொடுத்தார்கள். யந்திரக் கம்பனியிலிருந்து வந்த ஆள் சிங்களத்தில் விளக்கினான். செயினில் ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் ஒரு சின்ன முட்டு இருக்கிறது. பல் அளவோடு கடிக்க அதுதான் காவல். அந்த முட்டுகளைச் சீவும் கல்லை இறக்க ஒரு சிவப்புத் திருகு. அரைச் சுற்றுக்கு மேல் போனால் முட்டு தேய்ந்து, பல் மரத்தைக் கவ்வி, வாள் ஆளை நோக்கி எகிறும். கிருஷ்ணகுமாருக்கு நன்றாகவே விளங்கியது.

ஆயுத பூசையன்று திறப்பு விழா. மாலை, எலுமிச்சம்பழம், ரிப்பன் எல்லாம் இருந்தன. "சும்மா நின்னா படம் எடுபடாது சேர், எதையாச்சும் பிடிச்சுத் திருகுங்க" என்றான் படக்காரன். துரை சிரித்தபடி சிவப்புத் திருகைப் பிடித்துக் கடைசி வரைக்கும் திருகினார். கைதட்டல் ஓய்வதற்குள் பூசாரி அதன் மேல் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்துவிட்டார். கற்பூரம் காட்டிய பிறகு அது திருகு அல்ல.

சுரேந்திரன் கிருஷ்ணகுமாரின் தங்கை விஜயகலாவின் புருஷன். அடுத்த வாரம், புதிதாகத் தீட்டிய செயினை மாட்டிப் பார்த்தவன் மத்தியானமே இறங்கி வந்தான்.

"என்னா மச்சான், செயின் தீட்டிக் குடுத்தியா, நாய அவுத்து விட்டியா? மரத்துல வச்சா கவ்விக்கிட்டு நெஞ்சுக்கு நேரா வருது."

"புது மெஷினு அப்படித்தான் வெட்டும். ஒனக்கு அரத்துல தேச்சே பழகிப்போச்சு."

"அப்ப அந்த அரத்தையாவது குடு."

"மெஷின் வந்தோடன ஸ்டோர்ல திருப்பி வாங்கிட்டாங்க."

"அந்தச் செவப்பு திருகத்தான் கொஞ்சம் திருப்பேன்."

"தொரை கை வச்சதுடா. கிளாக்கரு தெனம் வந்து பாக்குறாரு. குங்குமம் கலைஞ்சா என் சட்ட போயிரும்."

"ஒன் சட்ட பத்திரம். கழுத்து என்னோடதுதானே!" சிரித்துக்கொண்டே மலை ஏறினான் சுரேந்திரன்.

அன்று சாயந்தரம் விஜயகலா அண்ணனின் லயத்து வீட்டு வாசலில் காத்திருந்தாள். "அண்ணே, அந்த வாளப் பிடிச்சு அவருக்குக் கை மடங்க மாட்டேங்குது. சோறு பெசைய முடியல. தொரைகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க."

மறுநாள் கிருஷ்ணகுமார் ஒஃபிசுக்குப் போனான். பெரிய கிளாக்கர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"என்னா, தொரை பிழையா திருகிட்டாருன்னு சொல்ல வந்தியா?"

அப்படிக் கேட்ட பிறகு, அதற்காக அவன் வரவில்லை என்று ஆகிவிட்டது.

"இல்லீங்க. மெஷினுக்கு ஒரு ஒறை வேணும்."

உறை உடனே கிடைத்தது. நல்ல தடித்த துணி.

மழை விட்ட ஒரு காலையில் வாள் எகிறிச் சுரேந்திரனின் கழுத்தில் இறங்கியது. றோட்டுக்குத் தூக்கி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

கொழும்பிலிருந்து ஜீப்பில் விசாரணை வந்தது. வந்தவர்கள் உறையை நீக்கி யந்திரத்தைப் பயபக்தியோடு சுற்றிப் பார்த்தார்கள்.

"இதில் யாராவது கை வைத்தீர்களா?"

"யாரும் வைக்கலீங்க சேர்" என்றான் கிருஷ்ணகுமார். "தொரை வச்ச மாதிரியே இருக்கு."

உண்மை அவ்வளவு உபயோகமாக இருந்ததேயில்லை. யந்திரத்தில் குறையில்லை, இறந்தவனின் கவனக்குறைவு என்று முடிவாயிற்று. பெரிய கிளாக்கர் கிருஷ்ணகுமாரின் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

கருமாதி வீட்டில் விஜயகலா அண்ணனுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.

"அண்ணே, நீங்க தொரைகிட்ட சொன்னீங்கதானே?"

"சொன்னேம்மா."

அவள் தலையாட்டினாள். நம்பினாள். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலை, புதிதாக வாள் பிடிக்க வந்த கந்தையா செயினோடு வாசலில் நின்றான். கிருஷ்ணகுமார் உறையை இழுத்தெறிந்துவிட்டுச் சிவப்புத் திருகைப் பின்னுக்குத் திருப்பினான். காய்ந்த சந்தனம் வெடித்து உதிர்ந்தது. கல்லை ஓட விடுவதற்குள் பெரிய கிளாக்கர் வந்துவிட்டார்.

"எவன் கை வச்சது?"

"நாந்தான். இப்படி இருந்தா இவனும் சாவான்."

"சட்டையக் கழட்டு."

கிருஷ்ணகுமார் கழற்றிக் கொடுத்தான். அதற்குப் பிறகு அங்கே அவனுக்குக் காது கொடுக்க ஆள் இல்லை. பெரிய கிளாக்கர் ஒஃபிஸ் சுவரிலிருந்து திறப்பு விழாப் படத்தைக் கழற்றி வரச்சொன்னார். படத்தை யந்திரத்துக்குப் பக்கத்தில் பிடித்து, துரையின் விரல்கள் இருந்த இடத்தைக் கூர்ந்து பார்த்து, திருகை அதே இடத்துக்குக் கொண்டுவந்தார். பூசாரியை அழைத்துப் புதிதாகக் குங்குமமும் வைத்தாயிற்று.

செயினைத் தீட்டிக் கொடுத்தார்கள். கந்தையா அதைத் தோளில் போட்டுக்கொண்டு மலை ஏறினான்.