நிமிர்ந்து பார்க்காதவன்

கிரேன் கேபினில் செல்வநாதனின் காலடியில் இருப்பது கண்ணாடித் தரை. நாற்பது மீட்டர் கீழே கப்பல், கன்டெய்னர் பெட்டிகள், அவற்றின் மூலைகளில் குனிந்து பூட்டு மாட்டும் டில்லிபாபு. இருபத்திரண்டு வருடமாக உலகத்தை இப்படித்தான் பார்த்துவருகிறார்.

போன வியாழக்கிழமை அந்த உலகம் நான்கு விநாடி சுழன்றது. நல்லவேளை, அப்போது பெட்டி எதுவும் தொங்கவில்லை. அவர் யாரிடமும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை மருத்துவப் பரிசோதனை. தலைசுற்றல் உண்டா என்று படிவத்தில் ஒரு கேள்வி இருக்கும். உண்டு என்று எழுதினால் கேபின் போய்விடும். கீழே ஏதாவது மேசை கொடுப்பார்கள். எனவே ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையை விட்டுவிட்டு, ராயபுரத்திலிருந்து நாகலாபுரம் மலைக்குக் கிளம்பினார். உச்சியில் நின்று கீழே பார்ப்பது. சுற்றவில்லையென்றால் 'இல்லை' என்று எழுதிவிடுவது. பைக் ஓட்ட டில்லிபாபுவைக் கூப்பிட்டார். காரணம் சொல்லவில்லை.

"தெனம் ஏணி ஏறுற ஆளு, லீவு நாள்லயும் ஏறணுமா? வூட்ல அண்ணி தொரத்திட்டாங்களா?"

"பேசாம நடடா. மூச்சு வாங்குது."

"எனக்கா, உனக்கா?"

ஒன்பது மணிக்கு ஒரு பாறையில் உட்கார்ந்தார்கள். வானத்தில் பகல் நிலா வெளிறிக் கிடந்தது. எந்தச் சுமையைப் பார்த்தாலும் செல்வநாதனின் கண் கயிற்றைத் தேடும்.

"டில்லி, அது எதுல தொங்குது?"

"எதுலயும் இல்ல. நாமகூட அப்டித்தான் தொங்கிக்கினு கீறோம். சுத்திக்கினு வேற. ஸ்கூல்ல படிக்கல?"

"ஆப்ரேட்டரும் இல்லையா?"

"அத்த உங்க ஃபாதராண்ட கேளு. நல்லா வாங்குவே."

இவ்வளவு பெரிய சுமை, கோடி வருடமாக நழுவவில்லை. யாராவது பிடித்திருந்தால் அவருக்கு வயதாகாமல் இருக்க வேண்டும். யாரும் பிடிக்கவில்லை என்றால் இன்னும் நல்லது. பிடிக்காததை நழுவவிட முடியாது. செல்வநாதனுக்கு இந்தக் கணக்கு பிடித்திருந்தது. எழுந்து நடந்தார்.

கடைசி ஏற்றம் செங்குத்து. செல்வநாதன் முன்னால், டில்லிபாபு பத்தடி கீழே. உச்சிக்குக் கொஞ்சம் முன்பு செல்வநாதன் திரும்பிக் கீழே பார்த்தார். மரமும் பாறையும் சேர்ந்து சுழன்றன. ஒரு வேரைப் பிடித்துக்கொண்டார். அவர் கால்பட்டுத் தேங்காய் அளவுக் கல் ஒன்று பெயர்ந்து உருண்டது.

"டில்லி!"

குனிந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்த டில்லிபாபுவின் தோளை உரசாத குறையாக அது பாய்ந்து பள்ளத்தில் மறைந்தது. அவன் முடிச்சை இறுக்கினான். நிமிரவில்லை.

"மேல பாக்க மாட்டியாடா?"

"மேலதான் நீ கீறியே. பதினாலு வருசமா பொட்டிக்குக் கீழ நிக்கிறேன், என்னிக்குப் பாத்தேன்?"

செல்வநாதன் வேரை விடவில்லை. உச்சி இன்னும் இருபதடி.

"எறங்கிடலாம்."

"இன்னாண்ணா, அத்தோ உச்சி கீது!"

"நாளைக்கு நான் கிரேன் ஏறல டில்லி. தல சுத்துது. போன வியாழக்கெழம மேலயே சுத்துச்சி."

டில்லிபாபு நிமிர்ந்து பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

"நீ எனக்குக் கீழ வேணாம், இப்டி மேல வந்துடு," என்றார் செல்வநாதன். "மொதல்ல நான் எறங்குறேன்."