சந்தையில் சொல்லிவிட்டு வா

ஈரலை இடது பக்கம் வைப்பதா வலது பக்கம் வைப்பதா என்று தெரியாமல், தட்டைக் கையில் பிடித்தபடி இளையவன் நின்றுகொண்டிருந்தான். இருபத்திரண்டு வருடமாக வாரா வாரம் இந்த விவசாயிகள் சந்தைக்கு வருகிறான். ஆனால் தங்கள் கடையை முன்பக்கத்திலிருந்து அவன் பார்த்ததே கிடையாது. அவன் இடம் பின்னால், வெட்டுக்கட்டைக்குப் பக்கத்தில். வாங்க வருகிறவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் அவனுடைய முதுகுதான். கறியை அடுக்குவது, நிறுப்பது, பேசுவது எல்லாம் அண்ணன் பாடு. அதிலும் பேச்சு! சந்தையில் அண்ணனுக்கு ரேடியோ என்றே பெயர். அணைக்கிற பொத்தான் வைக்காமல் செய்துவிட்டார்கள் என்று பக்கத்துக் கடை முட்டைக்கார அக்கா சொல்வாள்.

அந்த அண்ணன் இன்று விடியற்காலையில் இறந்துபோனார்.

வண்டியில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தவர், "ஒரு நிமிஷம் இருடா" என்று வாசற்படியில் உட்கார்ந்தார். அவருடைய ஒரு நிமிடம் எப்போதும் பத்து நிமிடம்தான். இளையவன் மிச்சப் பெட்டிகளை ஏற்றி, கதவைச் சாத்தி, ஐஸ் சரியாக இருக்கிறதா என்று இன்னொரு தரம் திறந்து பார்த்துவிட்டு வந்தான். அண்ணன் கதவில் சாய்ந்திருந்தார். பக்கத்துத் தெரு டாக்டர் வந்து கையைப் பிடித்துப் பார்த்தார். நேரம் என்ன இருக்கும் என்று கேட்டு எழுதிக்கொண்டார். அஞ்சு இருக்கும் என்று அண்ணி சொன்னாள்.

அவரை உள்ளே கட்டிலில் கிடத்திய பிறகு அண்ணி வெளியே வந்து வண்டியைப் பார்த்தாள்.

"நீ கிளம்பு."

"எங்க அண்ணி?"

"சந்தைக்கு. மூணு ஆட்டுக்கறி உள்ள இருக்கு. மண்ணுலயா கொட்ட முடியும்? பொண்ணு வந்து சேரவே நாலு மணி ஆயிடும். அஞ்சு மணிக்குத்தான் எடுக்கணும்."

அவன் கட்டில் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"வித்தா வித்தது, இல்லாட்டி போகட்டும். ஆனா அங்க இருக்கறவங்ககிட்ட சொல்லணும். சொந்தக்காரங்களவிட அவங்ககிட்டதான் இந்த மனுஷன் அதிகமாப் பேசியிருக்காரு. யாரு வீடு எங்கன்னு எனக்கு என்ன தெரியும்? கடைசியா ஒரு தடவ பாக்கறவங்க வந்து பாக்கட்டும். நீதான் சொல்லணும்."

அண்ணனுடைய போனை அவன் ஏப்ரன் பையில் போட்டாள். "போன்லயே சொல்லிடலாமான்னு பாத்தேன். பேரா வச்சிருக்காரு!" என்றாள். ஈரல் டீச்சர். நாய்க்கு எலும்பு. கொழுப்பு வேணாம். பேரம் ஒண்ணு, பேரம் ரெண்டு. அவளுக்கு அந்த நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கத் தொடங்கிய பிறகுதான் அழுகையும் வந்தது.

வழியெல்லாம் அவன் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தான். அண்ணன் இறந்துட்டாரு, சாயங்காலம் அஞ்சு மணிக்கு எடுக்கிறோம். வண்டிக்குள் அது நன்றாகத்தான் வந்தது.

கடைசியில் ஈரலை இடது பக்கம் வைத்தான். தொடைக்கறி நடுவில், நெஞ்செலும்பு முன்னால், கொழுப்புள்ள பக்கம் உள்நோக்கி. அடுக்கி முடித்ததும் ஏதோ குறைவது போலிருந்தது. எது என்று தெரியவில்லை. அதற்குள் முதல் ஆள் வந்துவிட்டது. ஓய்வுபெற்ற டீச்சர், குடையும் துணிப்பையுமாக.

"எங்கப்பா ரேடியோ? சத்தத்தையே காணோம்?"

அவன் வாயைத் திறந்தான்.

"காய்ச்சல்" என்றான்.

"போன வாரம் நல்லாத்தானே இருந்தாரு?"

"அடுத்த வாரம் வந்துடுவாரு டீச்சர்."

இதை யாரும் கேட்கவில்லை. அவனாகவே சொன்னான். சொன்னபின் டீச்சரின் ஈரலை நிறுத்து, தாளில் சுற்றி, இரண்டு முடிச்சுப் போட்டுக் கொடுத்தான். ஒரு முடிச்சே போதும்.

அடுத்து நாய்க்கு எலும்பு வாங்குகிறவர் வந்தார். அவரிடம் வயிற்றுவலி என்றான். அதற்கடுத்து வந்த இரண்டு பெண்களிடம் இடுப்பு பிடித்துக்கொண்டது என்றான். பத்து மணிக்குள் அண்ணனுக்கு நாலு வியாதி வந்துவிட்டது. ஒவ்வொன்றுக்கும் ஒருவர் வைத்தியம் சொல்லிவிட்டுப் போனார். வெந்நீர் ஒத்தடம் கொடு என்றார் ஒருவர். பட்டினி போடு என்றார் இன்னொருவர். கைக்குழந்தையோடு வந்தவள், "நல்லா ஓய்வு எடுக்கச் சொல்லுங்க. அவர் எங்க ஓயுறாரு!" என்றாள்.

"எடுக்கறாரு" என்றான். அன்று காலையில் அவன் சொன்னவற்றில் உண்மைக்குக் கிட்டத்தில் வந்தது அது ஒன்றுதான்.

ஆள் இல்லாத நேரங்களில் தட்டுகளைத் துடைத்தான். கறி சிவப்புத் தண்ணீரில் நிற்கக் கூடாது, பார்க்கிறவன் முகம் சுளிப்பான் என்பது அண்ணனின் சட்டம். காலையிலிருந்து நாலு துணி நனைந்துவிட்டது. முகங்களைப் பார்ப்பதைவிடத் தட்டைத் துடைப்பது சுலபமாக இருந்தது. முழங்கால் கடுத்தது. முன்னால் நிற்பது இவ்வளவு அலுப்பான வேலை என்று அவனுக்குத் தெரியாது. வெட்டினால் கைதான் வலிக்கும்.

போகிற ஒவ்வொருவரும் அவன் சொன்ன பொய்யையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போகிறார்கள், அதனாலேயே ஐந்து மணிக்கு வரமாட்டார்கள் என்பது அவனுக்குத் தெரியாமல் இல்லை. தன்மேலேயே அவனுக்கு வெறுப்பாக இருந்தது. ஆனாலும் அடுத்த ஆள் வந்து நின்று "எங்க அண்ணன்?" என்று கேட்கும்போது நாக்கு புரள மறுத்தது. வீட்டில் அண்ணனைக் கிடத்தியாகிவிட்டது. தெருவுக்கே தெரிந்திருக்கும். இந்த ஓர் இடத்தில் மட்டும் அவருக்கு வெறும் காய்ச்சல்.

"என்னடா, ஒருத்தர்கிட்ட காய்ச்சல்ங்கற, ஒருத்தர்கிட்ட இடுப்புவலிங்கற" என்றாள் முட்டைக்கார அக்கா, அட்டைகளை அடுக்கியபடி. "உங்களுக்குள்ள ஏதாச்சும் சண்டையா?"

இல்லை என்று தலையாட்டினான். அவளிடம் சொல்லிவிடலாம் என்று திரும்பினான். அதற்குள் அவள் கடைக்கு ஆள் வந்துவிட்டது.

பதினொரு மணிக்குக் குறை சொல்கிறவர் வந்தார். ஒல்லியான மனிதர். எந்தக் கறியையும் தூக்கி வெளிச்சத்தில் பார்க்காமல் வாங்கமாட்டார். அவருக்குப் பின்னால் ஐந்தாறு பேர் நின்றார்கள். அவன் தொடையில் அரைக்கிலோ வெட்டி வைத்தான். அவர் தூக்கிப் பார்த்தார்.

"இதுல பாதி கொழுப்பு. உங்க அண்ணன் இருந்தா இப்படிக் குடுப்பாரா?"

அவன் குனிந்து தட்டைத் துடைத்தான்.

"கேட்டா வாயத் திறக்கமாட்ட. இரு, அவர்கிட்டயே கேட்டுடறேன்." போனை எடுத்து, கண்ணுக்கு எட்டத்தில் பிடித்து, அழுத்தினார்.

ஏப்ரன் பைக்குள் மணி அடித்தது.

அவர் தன் போனைப் பார்த்தார். ஏப்ரனைப் பார்த்தார். பின்னால் நின்றவர்களும் பார்த்தார்கள். இளையவன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தான். திரையில் 'கொழுப்பு வேணாம்' என்று இருந்தது. அவனுக்கு என்ன தோன்றியதோ, போனைக் காதில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்து தட்டைப் பார்த்தான்.

"அலோ" என்றான்.

"அலோ" என்றார் எதிரில் நின்றவர், தன்னையறியாமல்.

"அண்ணன் இல்லீங்க. காலையில அஞ்சு மணிக்கு இறந்துட்டாரு. வண்டியில பெட்டி ஏத்திக்கிட்டு இருந்தோம். நான் பக்கத்துலதான் இருந்தேன், பாக்கல. ஐஸைப் பாத்துக்கிட்டு இருந்துட்டேன். சாயங்காலம் அஞ்சு மணிக்கு எடுக்கிறோம். முடிஞ்சா வாங்க."

இருவருக்கும் நடுவில் இரண்டு முழம்கூட இருக்காது. அவர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"வரேன்ப்பா" என்றார் அதிலேயே. "கண்டிப்பா வரேன்."

முட்டைக்கார அக்கா கடையை அப்படியே விட்டுவிட்டு வந்தாள். "பாவி, காலையிலேருந்து என் பக்கத்துலயே நிக்கிறியே! ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்று அவன் தோளில் அடித்தாள். அடித்த கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எத்தன பேர்கிட்டடா காய்ச்சல்னு சொல்லி அனுப்பின?"

"தெரியலக்கா. முப்பது நாப்பது இருக்கும்."

"இங்கதான் எங்கயாச்சும் காய்கறி பாத்துக்கிட்டு இருப்பாங்க. நான் கூவட்டுமா? எனக்குத் தொண்டை இருக்கு."

"வேணாம். நான் சொல்றேன்."

காலிப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறினான். அங்கிருந்து சந்தை முழுவதும் தெரிந்தது. தார்ப்பாய்க் கூரைகள், குடைகள், தலைகள். இத்தனை பேரைப் பார்த்துக்கொண்டா அண்ணன் வாரா வாரம் பேசினார் என்று அவனுக்கு மலைப்பாக இருந்தது.

முதல் தடவை குரல் உடைந்துபோனது. முன்னால் நின்றவர்கள் மட்டும் நிமிர்ந்தார்கள். இரண்டாம் தடவை, "கறிக்கடை அண்ணன் இறந்துட்டாரு! சாயங்காலம் அஞ்சு மணிக்கு எடுக்கிறோம்!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினான். விலை கூவிக்கொண்டிருந்த உருளைக்கிழங்குக்காரர் நிறுத்திவிட்டார். மறுபக்கம் திரும்பி மூன்றாம் தடவையும் கத்தினான். பிறகு, "காலையில பொய் சொல்லிட்டேன், மன்னிச்சுக்குங்க" என்றான். அது யாருக்கும் கேட்டிருக்காது. தொண்டை எரிந்தது. இறங்கிவிட்டான்.

கூட்டம் ஒன்றும் ஓடி வரவில்லை. ஒருவர் இருவராக வந்தார்கள். சிலர் எப்படி ஆச்சு என்று கேட்டார்கள், சிலர் கேட்காமல் நின்றார்கள். வரிசையில் இருந்தவர்கள் வாங்காமலே நகரப் பார்த்தார்கள்.

"வாங்கிட்டே போங்க. அண்ணிதான் வித்துட்டு வரச் சொன்னாங்க" என்றான்.

அதன்பிறகு யாரும் பேரம் பேசவில்லை. ஒல்லி மனிதர் தன் தொடைக்கறியைக் காட்டி, "அதையே கட்டு" என்றார். கொழுப்பை எடுக்கக் கத்தியைத் தூக்கினான். வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

டீச்சர் மெதுவாகத்தான் வந்துசேர்ந்தார். கூட்டத்தில் குடையை மடக்கிக்கொண்டு வர அவருக்கு நேரமாயிற்று.

"அடுத்த வாரம் வந்துடுவாருன்னு சொன்னியேப்பா."

"ஆமாங்க டீச்சர்."

"ஏன் அப்படிச் சொன்ன?"

"தெரியல டீச்சர்."

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. "வீடு எங்க?" என்றார். சொன்னான். "அங்க பஸ் போகாதே" என்றார்.

"வண்டியில இடம் இருக்கு. ஆனா ஒரு மணி வரைக்கும் எந்த வண்டியையும் வெளிய விடமாட்டாங்க."

"இருக்கேன்" என்று மேசையைச் சுற்றிக்கொண்டு பின்னால் வந்து, கவிழ்த்த பெட்டியில் உட்கார்ந்தார். அவரைப் பார்த்துவிட்டு ஒல்லி மனிதரும் வந்து வண்டியோரம் நின்றார். குழந்தைக்காரி வந்தாள். நாய்க்கு எலும்பு வாங்குகிறவர் வீட்டுக்குச் சொல்லிவிட்டு வந்தார். பன்னிரண்டு மணிக்குத் தட்டெல்லாம் காலியாகிவிட்டது. பின்பக்கம் ஒன்பது பேர் நின்றார்கள். எல்லார் கையிலும் பை.

வெயில் ஏறிவிட்டது. இளையவன் தட்டுகளைக் கழுவியபடி அந்தப் பைகளைப் பார்த்தான். வீட்டுக்குப் போய், இருந்து, எடுத்து, எல்லாம் முடிய ஏழு மணி ஆகும். அதுவரை அந்தக் கறி தாங்காது. மற்றது எது தெரியாவிட்டாலும் இது அவனுக்குத் தெரியும்.

ஐஸ் பெட்டியைத் திறந்தான். பாதிக்கு மேல் ஐஸ் அப்படியே இருந்தது.

"குடுங்க, உள்ள வைக்கிறேன்" என்றான். "போகும்போது எடுத்துக்கலாம்."

ஒவ்வொருவராக நீட்டினார்கள். எல்லாம் ஒரே தாள், ஒரே நூல். எது யாருடையது என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது. எடை எழுதுகிற பேனாவை எடுத்தான்.

"பேரு சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

ஒல்லி மனிதர் சொன்னார். அவன் எழுதினான். குழந்தைக்காரி சொன்னாள். எலும்புக்காரர் சொன்னார், இனிஷியலோடு. இருபத்திரண்டு வருடத்தில் அவன் யாரிடமும் பெயர் கேட்டதில்லை. நிதானமாக, எழுத்துக்கு எழுத்து இடம் விட்டு எழுதினான். காலையில் விற்ற கறி பொட்டலம் பொட்டலமாக ஐஸுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. காலிப் பெட்டி வரும் என்று அண்ணி நினைத்துக்கொண்டிருப்பாள்.

கடைசியாக டீச்சர் பைக்குள் கையை விட்டுத் தேடி எடுத்தார்.

"டீச்சர்னே எழுதிக்கோயேன்."

"இல்ல, பேரு சொல்லுங்க."

சொன்னார். எழுதினான்.

"ஈரல்ப்பா, அடியில வச்சிடாத. நசுங்கிடும்."

"சரிங்க" என்று மற்றப் பொட்டலங்களைக் கொஞ்சம் ஒதுக்கி, அதை மேலே வைத்தான்.