கோமளம் மாமியின் தொடைக் குழிகள்

திருவிடந்தைக் கடல் கோமளம் மாமி வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். ஆனாலும் கல்யாணமாகி வந்த நாளாய் மாமி கணுக்காலுக்கு மேல் நனைந்ததில்லை. அப்படிப்பட்டவளுக்கு அமெரிக்காவிலிருந்து மகள் விஷாகா நீச்சல் உடை அனுப்பிவிட்டாள். லீவுக்கு வரும்போது மாமல்லபுரம் ரிசார்ட்டில் இரண்டு நாள் தங்கலாம், அங்கே நீச்சல் குளத்தில் புடவையோடு இறங்க விடமாட்டார்கள் என்று போனில் வேறு சொன்னாள். மாமிக்கு ஆசை பொங்கியது. ஒரு தடவையாவது கழுத்தளவு தண்ணீரில் நின்றுவிட வேண்டும்.

கதவைத் தாழிட்டுக்கொண்டு உடையைப் போட்டுப் பார்த்தாள். பீரோ கண்ணாடியில் பின்பக்கம் திரும்பினால், ஐயையோ, தொடை முழுக்கக் குழி குழியாக! இத்தனை வருஷம் கூடவே வந்த தொடையை மாமி அன்றைக்குத்தான் பார்த்தாள்.

திருப்போரூரிலிருந்து ஸ்கூட்டியில் வந்து சத்து மாத்திரை விற்கும் ஜோதிலட்சுமியிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டாள்.

"அதுக்குப் பேரு செல்லுலைட்டு மாமி. உள்ள கொழுப்பு கட்டிக்கினு கீது. சோறு, சக்கர, உப்பு எல்லாம் கட் பண்ணுங்க. இந்தக் கடல்பாசி கேப்ஸ்யூல ரெண்டு வேள போடுங்க. தொட கண்ணாடியாட்டம் ஆயிடும்."

கடலோரத்துக்காரிக்கே கடல்பாசி விற்ற கெட்டிக்காரி!

மாமி ரோஷக்காரி. சோற்றை விட்டாள், காபிக்குச் சர்க்கரையை விட்டாள். கேப்ஸ்யூலின் கூடு எந்த மிருகத்தின் எலும்பில் செய்ததோ என்று அதை உடைத்தெறிந்துவிட்டு, தூளை மட்டும் மோரில் கரைத்து மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தாள். ஆனால் வீட்டுக்காரர் தேசிகன் கோயில் மடைப்பள்ளியில் தளிகை செய்கிறவர். தினமும் தூக்கில் சர்க்கரைப் பொங்கலும் புளியோதரையும் வந்துவிடும்.

"டயட்டுன்னியேடி?" என்றார் தேசிகன்.

"பிரசாதம் சாப்பாட்டுல சேத்தியா? பெருமாள் குடுத்தது தொடைக்கா போகும்? அபசாரமா பேசாதேங்கோ." விரலில் வழிந்த நெய்யைக்கூட மாமி விடவில்லை.

விஷாகா வந்தாள். ரிசார்ட் குளத்தங்கரையில் மாமி நீச்சல் உடைக்கு மேல் புடவையைச் சுற்றிக்கொண்டு அசையாமல் நின்றாள். ஒரு குழிகூடக் குறையவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதற்குள் விஷாகா துண்டை வீசிவிட்டுத் தண்ணீரை நோக்கி நடந்தாள். ஜிம்மே கதியென்று கிடக்கிற குச்சி உடம்புக்காரி. அவள் தொடையிலும் அதே குழிகள்.

"என்னடி இது, உனக்குமா?"

"முக்காவாசிப் பொம்மனாட்டிகளுக்கு இருக்கும்மா. வியாதியா என்ன? எடை குறைஞ்சா கொஞ்சம் கம்மியாத் தெரியலாம். மாத்திரையெல்லாம் சுத்த டூப்பு."

மாமிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மோரில் கரைத்துக் குடித்த நாற்றமெல்லாம் மறுபடி தொண்டைக்கு ஏறியது. "கட்டையில போறவ!" என்று ஜோதிலட்சுமியை வைதுகொண்டே புடவையை உருவி நாற்காலியில் எறிந்தாள். இறங்கினாள். கழுத்துவரை தண்ணீர். "அடியம்மா!" என்று அவள் போட்ட சந்தோஷக் கூச்சலை விஷாகா போட்டோ எடுத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம், தண்ணீருக்கு மேல் தலை மட்டும் தெரிந்த அந்தப் போட்டோவைப் பார்த்த ஜோதிலட்சுமிக்கு வாயெல்லாம் பல்.

"பாத்தீங்களா மாமி, மாத்திர வேல செஞ்சிட்சி! இத ஆஃப்டர்னு எல்லார்க்கும் காட்றேன். பிஃபோர் போட்டோ ஒண்ணு இருந்தா குடுங்க."

"இதையே ரெண்டு காப்பி போட்டுக்கோடி," என்றாள் மாமி. "குழியெல்லாம் அப்படியேதான் இருக்கு. இறங்கினது நான்."