குறையே சொல்லாத ஆரின்

ஜனவரி ஒன்றாம் தேதி, அமெரிக்காவின் வடக்கே மினசோட்டாவில் ஒரு பாலாடைக்கட்டி ஆலையின் புது முதலாளி தொழிலாளிகளின் இன்சூரன்ஸை மாற்றினான். அங்கே வேலை பார்த்த ஆரினின் ஊசிக்கு அன்றே வந்தது வினை. மாதம் ஏழாயிரம் டாலர் ஊசி அது. முடக்குவாதத்தில் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தி, நாலு வருஷமாக அவனை வேலைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. புது இன்சூரன்ஸ் கம்பெனியோ, முதலில் மூன்று மாதம் மலிவான மாத்திரையைச் சாப்பிடட்டும், கேட்காவிட்டால் ஊசியைப் பார்க்கலாம் என்று எழுதிவிட்டது.

அந்த மாத்திரை கேட்காமல்தானே ஊசிக்கே வந்தான்! அதை நிரூபிக்க மனைவி டார்லா ஆஸ்பத்திரியில் பழைய குறிப்புகளை வாங்கிப் படித்தாள், தலையில் அடித்துக்கொண்டாள். மாத்திரை தின்ற காலத்தில் ஒவ்வொரு முறையும், "நன்றாக இருப்பதாகச் சொல்கிறார். குறை ஏதும் இல்லை" என்றே எழுதியிருந்தார்கள். மினசோட்டாக்காரன் ஏரிப் பனி உடைந்து கழுத்தளவு மூழ்கினாலும், தண்ணீர் கொஞ்சம் ஜில்லென்று இருக்கிறது என்றுதான் சொல்வான். இவன் அந்த ஜாதியில் முதல் ரகம்.

மேல்முறையீடு செய்தாள். வியாழக்கிழமை பத்து மணிக்குப் போனில் விசாரணை. ஊசி நின்று ஐந்து வாரமாகியிருந்தது. ஆரினுக்குச் சட்டைப் பொத்தானை அவள்தான் போட்டுவிட்டாள்.

"எப்படி இருக்கீங்கன்னு கேட்டா என்ன சொல்லுவ?"

"காலைல கை விறைக்குது. பொத்தான் போட முடியல."

"அப்புறம்?"

"வேணாம் டார்லா. பிச்சை எடுக்கிற மாதிரி இருக்கு."

"மாசாமாசம் உன் சம்பளத்துல பிடிக்கிறானுங்களே, அதுவாய்யா பிச்சை?"

சொல்ல வேண்டியதையெல்லாம் பெரிய எழுத்தில் எழுதி அவன் முன்னால் வைத்தாள். பத்து மணிக்குப் போன் அடித்தது. கம்பெனி டாக்டரம்மாவின் குரல் தேனாக ஒழுகியது.

"வணக்கம் ஆரின் சார். எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன் மேடம். நீங்க எப்படி இருக்கீங்க?"

டார்லா மேஜைக்கடியில் அவன் காலை மிதித்தாள்.

"கை எப்படி இருக்கு சார்?"

அவன் காகிதத்தைப் பார்த்தான். முகம் சிவந்தது. "ஏதோ ஓடுது மேடம். என்னைவிடக் கஷ்டப்படுறவங்க எத்தனையோ பேர் இருக்காங்க."

"பொய் சொல்றார்!" என்று டார்லா கத்தினாள். "ஒரு டம்ளர் தூக்க முடியல அவரால!"

"மன்னிக்கணும் மேடம், இன்சூரன்ஸ் உறுப்பினர் மட்டும்தான் பேசணும்."

நாலு நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது.

"ஒரு வார்த்தைல தொலைச்சியே, பாவி!"

"மரியாதையா கேட்டாங்களே டார்லா."

அந்த நேரத்தில் அவனை அவள் வெறுத்தாள். அந்தத் தேன் குரலை அதைவிட வெறுத்தாள்.

பத்து நாளில் கடிதம் வந்தது. அவனே பிரிக்கட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். விரல் நிமிரவில்லை, உறையைப் பல்லால் கிழித்தான். "தாம் நலமாக இருப்பதாக உறுப்பினரே கூறியுள்ளதால், முதலில் மாத்திரை."

"வலிக்குதா?" என்றாள் டார்லா.

அவன் கடிதத்தை மேஜைமேல் வைத்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "உயிர் போகுது டார்லா" என்றான்.

அதை எழுதிக்கொள்ள அந்தச் சமையலறையில் யாரும் இல்லை.